நோவுக்கு இனம் உண்டா?

கால் எலும்போ கை எலும்போ முறிந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படும் மனிதனுக்கு நோவு இருக்கிறதா, இல்லையா என்று எவரும் விவாதம் செய்வதில்லை. தலைவலியிலும் முதுகுவலியிலும் நோயாளியின் வாய்ச்சொல்லை மாத்திரம் நம்பவேண்டியிருக்கிறது. முறிந்த எலும்புக்கோ எக்ஸ்ரே படமே சாட்சி சொல்கிறது. ஆகையினாலேதான், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்திலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இரண்டு ஆண்டுகளில் வந்துசேர்ந்த எலும்பு முறிவுக்காரர்களின் பதிவேடுகளை நாக்ஸ் டாட் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு வைத்திய உலகத்தைச் சற்றுத் திடுக்கிட வைத்தது. வெள்ளையர் 108 பேரில் வலி தணிக்கும் மருந்து எதுவுமே பெறாதவர்கள் 26 சதவீதம். லத்தீன் அமெரிக்க வமிசத்தைச் சேர்ந்த 31 பேரில் அவ்வாறு மருந்தின்றிக் கிடந்தவர்களோ 55 சதவீதம். பாஷை தெரியாமை, காயத்தின் கடுமை, இன்ஷூரன்ஸ் இருப்பது இல்லாதது முதலிய காரணங்களையெல்லாம் கணித முறைப்படி விலக்கிய பிறகும் இந்த வித்தியாசம் கரையாமல் நின்றது.

இப்படிப்பட்ட கணக்கு ஒன்று வெளிவந்தவுடன், அதற்கு மூன்று விதமான சமாதானங்கள் சொல்லப்படுவது வழக்கம். சில ஜனக்கூட்டத்தார் நோவை மற்றவர்களைவிட அதிகமாகப் பொறுத்துக்கொள்கிறவர்கள், அல்லது சொல்லாமல் அடக்கிக்கொள்கிறவர்கள் என்பது ஒன்று. மருந்து எல்லாருடைய சரீரத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பது இரண்டாவது. மருந்து கொடுப்பவரின் மனத்திலேயே கோணல் இருக்கிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் ஒரே அளவான உண்மை அல்ல. ஒன்றுக்கு உரிய பழியை மற்றொன்றின் தலையில் சுமத்திவிடுவதால் விளைந்திருக்கும் குழப்பத்தைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய சித்தாந்தம்

"அவர்களுக்கு அவ்வளவாக வலிக்காது" என்ற அபிப்பிராயம் நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் அடிமை முறை நிலவிய காலத்தில் அதை ஒரு சாஸ்திர உண்மை போலவே எழுதி வைத்தார்கள். லூயிசியானாவில் வைத்தியத் தொழில் நடத்திய சாமுவேல் கார்ட்ரைட் என்பவர் 1851-இல், கறுப்பருக்கென்றே விசேஷமாக ஒரு வியாதி உண்டென்றும், அதன் லக்ஷணம் தோலில் உணர்ச்சி மழுங்கிப்போவதும் வேலையில் சோம்பலுமே என்றும் எழுதி, அந்த வியாதிக்கு நீண்டதொரு கிரேக்கப் பெயரும் சூட்டினார். அதற்கு அவர் விதித்த சிகிச்சை, நோயாளியை நன்றாகக் கழுவி, உடம்பெங்கும் எண்ணெய் பூசி, அந்த எண்ணெய் உள்ளே இறங்கும்படி அகலமான தோல் வாரினால் அடித்து, பிறகு வெயிலில் கடினமான வேலைக்கு அனுப்புவது! வைத்தியமும் எஜமானின் சௌகரியமும் எங்கே முடிந்து எங்கே தொடங்குகின்றன என்று இந்த விதியில் பிரித்துக் காண முடியாது.

அதே காலத்தில் அலபாமா மாகாணத்து மாண்ட்கமரி நகரில் ஜே. மேரியன் சிம்ஸ் என்னும் ரண வைத்தியர், கஷ்டமான பிரசவத்தினால் மூத்திரப்பையில் ஓட்டை விழுந்து அவதிப்பட்ட அடிமைப் பெண்களின்மீது 1845 முதல் 1849 வரை அறுவை முறைகளைப் பரீக்ஷித்து வந்தார். அனார்கா என்ற ஒரு பெண்ணுக்கு மட்டும் ஏறக்குறைய 30 முறை அறுவை நடந்தது. மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை. ஈதர் கொண்டு வலியின்றி அறுக்கலாம் என்பது பாஸ்டன் நகரில் 1846 அக்டோபரில்தான் பகிரங்கமாக மெய்ப்பிக்கப்பட்டது என்பதை நியாயத்தின் பொருட்டு இங்கே சொல்லவேண்டும். ஆனால் அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் மாண்ட்கமரியில் அந்தப் பெண்களின் நிலை மாறவில்லை என்பதையும் அதே நியாயத்தின் பொருட்டுச் சொல்லத்தான் வேண்டும். பெண் வைத்தியத்தின் தந்தை என்று புகழப்பட்ட சிம்ஸின் சிலை நியூயார்க் நகரத்து சென்ட்ரல் பார்க்கிலிருந்து 2018-இல்தான் அகற்றப்பட்டது.

சிலை போய்விட்டது, சித்தாந்தம் போயிற்றா? வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் கெல்லி ஹாஃப்மன் முதலியோர் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அதற்கு விடை தருகிறது. வெள்ளையரான 222 வைத்திய மாணவர்களிடமும் பயிற்சி வைத்தியர்களிடமும், கறுப்பரின் தோல் வெள்ளையரின் தோலைவிடத் தடிப்பானது, அவர்களுடைய நரம்பு முனைகள் உணர்ச்சி குறைந்தவை என்பன போன்ற வாக்கியங்கள் சிலவற்றைக் கொடுத்து, எவை உண்மை என்று குறிக்கச் சொன்னார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் அவ்வாறான பொய்களில் ஒன்றையாவது உண்மை என்றோ, உண்மையாக இருக்கலாம் என்றோ ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அப்படி ஏற்றுக்கொண்டவர்கள், கற்பனையாகக் கொடுக்கப்பட்ட கறுப்பு நோயாளியின் வலியைக் குறைவாக மதிப்பிட்டதோடு, சிகிச்சையிலும் அதிகமாகத் தவறினார்கள்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், பரிசோதனைச் சாலையில் கண்ட பிரத்தியட்சம் இதற்கு நேர் விரோதமாக இருப்பதுதான். பனிக்கட்டித் தண்ணீரில் கையை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடிகிறது, சூட்டை எந்த அளவு வரை தாங்க முடிகிறது என்று அளந்து பார்த்த பல ஆராய்ச்சிகளில், அமெரிக்கக் கறுப்பர்களின் சராசரித் தாங்கும் எல்லை வெள்ளையரின் சராசரியைவிடக் குறைவாகவே வந்திருக்கிறது. அச்சம், அவநம்பிக்கை, வாழ்நாளெல்லாம் அனுபவித்த அவமதிப்பு இவற்றுக்கெல்லாம் இதில் பங்கு உண்டா என்ற ஆராய்ச்சி நடந்துவருகிறது. எப்படியிருந்தாலும், தடித்த தோல் என்ற கதைக்கு அங்கே ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை.

நோவைச் சொல்லும் முறை

வலியைச் சொல்லும் முறை சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது என்பதை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்களில் மார்க் ஸ்போரோவ்ஸ்கி முக்கியமானவர். நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில், யுத்தத்திலிருந்து திரும்பிய போர்வீரர்களுக்கான ஆஸ்பத்திரியில், பெரும்பாலும் முதுகெலும்புத் தட்டு விலகி அவதிப்பட்ட நோயாளிகளோடு உட்கார்ந்து பேசி, 1952 முதல் அவர் தம்முடைய முடிவுகளை எழுதிவந்தார். இத்தாலிய வமிசத்து நோயாளி கூவி அழுதான். ஊசி போட்டு வலி அடங்கியதும் முகம் மலர்ந்தான். யூத வமிசத்து நோயாளியும் அழுதான். ஆனால் ஊசியைக் கண்டு தயங்கினான், ஏனென்றால் மருந்து நோவை மறைக்குமேயன்றி வியாதியை நீக்காது என்பதும், நாளைக்கு என்ன ஆகுமோ என்பதும் அவன் கவலை. தலைமுறை தலைமுறையாக அமெரிக்காவிலேயே வாழ்ந்த புராட்டஸ்டண்டுக் குடும்பத்தான், பழுதான இயந்திரத்தைப் பற்றி மெக்கானிக்கிடம் சொல்வதுபோல, எங்கே எப்போது எப்படி வலிக்கிறது என்று அளந்து சொல்லிவிட்டு, அழுவதால் பிரயோஜனம் இல்லை என்று வாயை மூடிக்கொண்டான். ஐரிஷ் வமிசத்தானோ வலியை ஒளித்தே வைத்தான். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு அழுகைகள் உள்ளே வெவ்வேறு பொருள் உடையவை என்பதே ஸ்போரோவ்ஸ்கி கண்ட நுட்பம்.

நுட்பமான கருத்துக்கு எப்போதும் உள்ள ஆபத்து, அது பாடப்புத்தகத்தில் ஏறும்போது அட்டவணையாகிவிடுவது. யூதர் இப்படிப்பட்டவர், அராபியர் அப்படிப்பட்டவர், கறுப்பர் இன்ன விதமாக நடந்துகொள்வர் என்று வரிசைப்படுத்தித் தாதிகளுக்குப் போதித்த ஒரு பாடநூலை, கடும் கண்டனத்திற்குப் பிறகு, பியர்சன் என்ற பெரிய பிரசுர நிறுவனம் 2017-இல் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற நேர்ந்தது. நோயாளி சொல்வதன் பொருளைக் கேட்டறிய வழிகாட்டவேண்டிய ஞானம், கேட்கவே வேண்டியதில்லை என்ற முன்முடிவாக மாறிப்போனதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

மேலும், பொருள் மாறினால் நோவும் மாறும் என்பது இனத்துக்கு மாத்திரம் உரிய விஷயமன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியின் ஆன்சியோக் கடற்கரைப் போர் முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர், கடுமையாகக் காயம்பட்ட சிப்பாய்களில் சுமார் முக்கால் பங்கினர், கேட்டபோது, வலிக்கு மருந்து வேண்டாம் என்று சொன்னதைக் கண்டு வியந்து 1946-இல் எழுதினார். சாதாரண ஆஸ்பத்திரியில் அவ்வளவு பெரிய ரணத்தோடு கிடப்பவன் மருந்துக்கு மன்றாடுவான். போர்க்களத்தவனுக்கோ அந்தக் காயம் உயிரோடு வீடு திரும்புவதற்கான சீட்டாக இருந்தது. ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965-இல் வெளியிட்ட வாசல் சித்தாந்தம் இதற்கு ஒரு சரீர விளக்கமும் தந்தது: தண்டுவடத்தில் நோவுச் செய்தி நுழையும் இடத்தில் ஒரு வாசல் இருப்பதுபோலவும், மேலே மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளையால் அது திறப்பதும் மூடுவதுமாக இருப்பதுபோலவும் அவர்கள் வர்ணித்தார்கள்.

அதே மெல்சாக், மக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து 1975-இல் வெளியிட்ட வினாத்தாளில், வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 வகைகளாகப் பிரித்து அடுக்கினார். நம் பாஷையில் இப்படி ஒன்று செய்யப் புகுந்தால் எவ்வளவு சொற்கள் வந்து நிற்கும்! பல்லில் விண்விண்ணென்று தெறிக்கிறது, காதில் குடைகிறது, மூட்டில் கடுக்கிறது, கால் உளைகிறது, விலாவில் பிடித்துக்கொள்கிறது, வயிற்றைப் பிசைகிறது, மார்பில் சுருக்கென்று குத்துகிறது, தலை இடிக்கிறது, ரணம் எரிகிறது, குதிகால் விறுவிறுக்கிறது. வெளிநோயாளர் வரிசையில் காத்திருந்து முறை வந்ததும் "குடையுதுங்க ஐயா" என்று சொல்லும் பாட்டிக்கும், "உளையுது" என்று சொல்லும் பாட்டிக்கும் சீட்டில் எழுதப்படுவது ஒரே ஆங்கிலச் சொல்தான். அந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், நரம்பின் நோவா தசையின் நோவா என்று அறிய உதவக்கூடிய குறிப்பாகும். மொழிபெயர்ப்பில் அது உதிர்ந்துவிடுகிறது. பிற பாஷைக்காரரின் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் எந்த இனத்தானுக்கும் நேரும் நஷ்டம் இதுவே.

சரீரத்தின் ரசாயனம்

இனி மருந்தின் பக்கம் திரும்புவோம். கசகசாச் செடியின் பாலிலிருந்து கிடைக்கும் கோடீன் என்ற சரக்கு, தன்னளவில் நோவைத் தணிக்கும் வல்லமை மிகக் குறைந்தது. அது ஈரலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே சிஒய்பி2டி6 என்று பெயரிடப்பட்ட ஒரு நொதியினால் ஒரு சிறு பங்கு, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, மார்ஃபினாக மாற்றப்படுகிறது. அந்த மார்ஃபினே வலியை அடக்குகிறது. இந்த நொதியை உண்டாக்கும் மரபணு எல்லாருக்கும் ஒரே மாதிரி அமைந்ததன்று. சிலருக்கு அது பழுதுபட்டிருக்கும். அவர்கள் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் மார்ஃபின் பிறப்பதில்லை, நோவும் தணிவதில்லை. வேறு சிலருக்கு அதன் பிரதிகள் இரண்டு மூன்றாகப் பெருகியிருக்கும். அவர்களுக்குச் சாதாரண அளவே விரைவில் மிகுந்த மார்ஃபினாகி மூச்சையே அடக்கிவிடக்கூடும்.

ஐரோப்பிய வமிசத்தாரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரையில் முதல் வகையினர். கிழக்காசியரில் இந்த வகை நூற்றுக்கு ஒருவர் என்ற அளவே, ஆயினும் நொதியின் வேகத்தை மட்டுப்படுத்தும் வேறொரு மாற்றம் அவர்களிடையே மிகுதியாக உண்டு. இரண்டாம் வகையினர் வட ஐரோப்பாவில் நூற்றுக்கு ஒருவர் இருவரே. எத்தியோப்பியரிடையே 1996-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் அவர்கள் 29 சதவீதமாக இருந்தார்கள். தொண்டைச் சதை அறுக்கப்பட்ட குழந்தைகளில் சிலர் கோடீன் கொடுக்கப்பட்ட பின் மூச்சடங்கி இறந்ததைக் கண்டு, அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013-இல் கடுமையான எச்சரிக்கை விதித்து, 2017-இல் 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்றே தீர்மானித்தது.

ஆகவே இனத்துக்கு இனம் மருந்து வேறுபடுகிறது என்று முடிவு கட்டிவிடலாமா? சற்று நிதானிக்க வேண்டும். எத்தியோப்பியரில் நூற்றுக்கு 29 பேர் அதிவேகக்காரர் என்றால் மீதி 71 பேர் அப்படியல்லர். ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதி மக்களிடையே கணக்கு வேறு. "ஆப்பிரிக்கர்" என்ற பெயரை மாத்திரம் பார்த்து மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் வைத்தியர் பத்துப் பேரில் ஏழு பேருக்குத் தவறு செய்வார். மேலும் எச்சரிக்கைக்குக் காரணமான ஆபத்து எந்த இனத்துக் குழந்தைக்கும் வரக்கூடியது; ஆகையால் விதி குழந்தையின் வயதை நோக்கிச் செய்யப்பட்டதேயன்றி இனத்தை நோக்கிச் செய்யப்படவில்லை.

இனத்தின் பெயர் உண்மையிலேயே உயிரைக் காத்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. முகத்தின் ஒரு பக்கத்தில் மின்னல் பாய்வதுபோலக் குத்தித் தெறிக்கும் முகநரம்பு வலிக்குக் கார்பமாஸெபைன் என்ற மருந்தை 1960-களிலிருந்து வைத்தியர்கள் தந்து வருகிறார்கள். அது சிலருக்கு, தோல் முழுவதும் வெந்து உரிந்து வாயும் கண்ணும் புண்ணாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயை உண்டாக்கிவிடும். தைவானில் 2004-இல் அப்படி அவதிப்பட்ட 44 நோயாளிகளைப் பரிசோதித்ததில் 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை இருந்தது. அதே மருந்தைத் தீங்கின்றிச் சாப்பிட்டுவந்த 101 பேரில் மூவரிடம் மாத்திரமே அது இருந்தது. சீனரிடையிலும் தென்கிழக்காசியரிடையிலும் சாதாரணமாகக் காணப்படும் இவ்வகை ஐரோப்பியரிடையே அபூர்வம். தைவானில் பிறகு ஏறக்குறைய 4,900 பேருக்கு முன்கூட்டியே பரிசோதனை செய்து, மரபணு இருந்தவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தபோது, ஒருவருக்கும் அந்தக் கொடிய நோய் வரவில்லை; பழைய கணக்குப்படி சுமார் 10 பேருக்காவது வந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2013 முதல் இப்பரிசோதனை வழக்கமான சிகிச்சை முறையாயிற்று. இங்கே இனத்தின் பெயர், யாருக்குப் பரிசோதனை அவசரம் என்று கதவைத் தட்டிக் காட்டியது. தீர்ப்புச் சொன்னது மரபணுவே.

சிங்கப்பூரைப் பற்றிப் பேசும்போது தமிழ் வாசகர் விசேஷமாகக் கவனிக்கத்தக்க வேறொரு விஷயமும் உண்டு. அங்குள்ள பெண்கள்-குழந்தைகள் ஆஸ்பத்திரியில், வயிற்றை அறுத்துப் பிரசவம் நடந்த 994 பெண்களைக் குறித்த ஆராய்ச்சி ஒன்று 2009-இல் வெளிவந்தது. சீனரும் மலாயரும் இந்தியரும் அதில் இருந்தார்கள். சிங்கப்பூர் இந்தியரில் பெரும் பகுதியினர் தமிழர் என்பது தெரிந்ததே. அறுவைக்குப் பிறகு மார்ஃபின் நிரப்பிய ஒரு சிறு இயந்திரம் ஒவ்வொருத்தியின் ரத்தக் குழாயோடு இணைக்கப்பட்டு, அதன் விசை அவள் கையிலேயே கொடுக்கப்படும். வலிக்கும்போது அவளே அழுத்திக்கொள்ளலாம். அளவு மீறாதபடி இயந்திரம் பூட்டிக்கொள்ளும். அப்படி அவரவரே எடுத்துக்கொண்ட மார்ஃபினை அளந்து பார்த்ததில், இந்தியப் பெண்களே அதிக வலியைச் சொன்னார்கள், அதிக மார்ஃபினையும் எடுத்துக்கொண்டார்கள். மார்ஃபின் போய் ஒட்டும் ஏற்பியை உண்டாக்கும் மரபணுவிலுள்ள ஒரு வேறுபாடும் இதைப் பாதித்தது. ஆனால் அந்த மரபணு வேறுபாட்டை விலக்கிக் கணக்கிட்ட பிறகும் இனத்தின் பெயரில் ஏதோ ஒன்று மிஞ்சியே நின்றது. அந்த மிச்சம் வளர்ப்பா, அச்சமா, வேறு மரபணுவா என்று சொல்ல அந்தப் பெயருக்குச் சக்தி இல்லை.

கொடுக்கும் கை

சிங்கப்பூரில் மிஞ்சிய அந்த ஊமை மிச்சம் இவ்வாறிருக்க, ஊமையல்லாத கணக்குகள் மருந்து கொடுப்பவரின் மனக்கோணல் என்ற மூன்றாவது காரணத்தின் பக்கம் குவிந்து கிடக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் ஆராய்ச்சியைச் செய்த டாட், அடுத்த ஆண்டிலேயே, வைத்தியர்கள் லத்தீன் அமெரிக்கரின் வலியைக் குறைவாக மதிப்பிடுவதுதான் காரணமோ என்று பரிசோதித்தார். மதிப்பீட்டில் வித்தியாசம் காணவில்லை. பிறகு அட்லாண்டா நகரில் 2000-ஆம் ஆண்டில் 217 எலும்பு முறிவுக்காரர்களின் பதிவேடுகளைப் பார்த்தார். வலிக்கிறது என்று கறுப்பர், வெள்ளையர் ஆகிய இரு இனத்தாரும் ஒரே அளவிலேயே சொல்லியிருந்தார்கள். சொன்னது ஏட்டிலும் ஏறியிருந்தது. மருந்து பெற்றவர்களோ வெள்ளையரில் 74 சதவீதம், கறுப்பரில் 57 சதவீதம். ஆகவே, சொல்லவில்லை என்ற சமாதானமும் செல்லாது, தெரியவில்லை என்ற சமாதானமும் செல்லாது. தெரிந்த நோவுக்கும் கொடுக்கும் மருந்துக்கும் நடுவிலே எங்கோ கை தயங்கியிருக்கிறது.

இது ஓர் ஊரின் குறையன்று. 1993 முதல் 2005 வரை அமெரிக்கா முழுவதிலும் அவசரப் பிரிவுகளுக்கு வலியின் பொருட்டு வந்தவர்களைப் பற்றிய பெருங்கணக்கு 2008-இல் வெளியாயிற்று. ஓபியம் வகை மருந்து பெற்றவர்கள் வெள்ளையரில் 31 சதவீதம், ஆசியரும் மற்றவர்களும் 28, லத்தீன் அமெரிக்கர் 24, கறுப்பர் 23. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் நாடெங்கும் இம்மருந்தின் உபயோகம் வெகுவாக உயர்ந்தும், இந்த இடைவெளி மாத்திரம் குறையவில்லை. நோவு கடுமையாக ஆக இடைவெளி அகன்றது, மூத்திரக் கல் போன்ற கடும் நோவிலும் அது இருந்தது, குழந்தைகளிடத்திலும் இருந்தது. பிறகு 2015-இல் குடல்வால் அழற்சியால் துடித்துக்கொண்டு வந்த குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி, கடும் வலியிலும் கறுப்புக் குழந்தைக்கு ஓபியம் வகை மருந்து கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவென்று காட்டியபோது, போதைக்காக நடிக்கிறான் என்ற சந்தேகத்தையும் சாக்காகச் சொல்ல இடமில்லாமற் போயிற்று.

அந்தச் சந்தேகம் எவ்வளவு கொடுமையானது என்பதை அரிவாள் அணு ரத்தசோகை நோயாளிகள் அறிவார்கள். ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் அரிவாள்போல வளைந்து சிறு நாளங்களை அடைத்துக்கொள்ள, எலும்புக்குள்ளே அரைப்பதுபோன்ற வலி திடீரென்று வந்து நாள்கணக்கில் வாட்டும். குழந்தைப் பருவம் முதல் பல முறை ஆஸ்பத்திரி கண்ட நோயாளிக்கு எந்த மருந்து எந்த அளவில் தனக்கு வேலை செய்யும் என்பது மனப்பாடம். அவன் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்லிக் கேட்ட மாத்திரத்திலேயே, "இவ்வளவு விவரம் தெரிந்தவன் போதைக்காரனாகத்தான் இருப்பான்" என்று எண்ணி விலகி நிற்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் இந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்; அவர்கள் அவசரப் பிரிவில் மற்றவர்களைவிட அதிக நேரம் காத்திருக்கிறார்கள் என்பதும் கணக்கெடுத்துக் காட்டப்பட்டிருக்கிறது. இந்த வியாதி நமக்குத் தூரத்துச் செய்தியுமன்று: இந்தியாவில் அதன் மரபுக் கூறு முதன்முதலில் 1952-இல் கண்டறியப்பட்டது நம் நீலகிரி மலையின் பழங்குடியினரிடையேதான்.

வைத்தியர் கையையும் நோயாளி கையையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடந்து 1996-இல் வெளிவந்தது. சிங்கப்பூரில் கண்ட அதே விசை இயந்திரம்தான். வைத்தியர்கள் எழுதிக்கொடுத்த மருந்தின் அளவு இனத்துக்கு இனம் மாறியது. நோயாளிகள் தாமே விசையை அழுத்தி எடுத்துக்கொண்ட அளவில் வித்தியாசம் இல்லை. சிங்கப்பூரில் நோயாளிகளிடையே வித்தியாசம் தெரிந்தது, சான் டியேகோவில் தெரியவில்லை. ஓர் ஊரின் கணக்கை இன்னோர் ஊருக்கு விதியாக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும். ஆனால் நோயாளியின் விரலைப்போல நம்பத்தக்க அளவுகோல் வேறில்லை என்பதில் இரண்டு ஊரும் ஒத்துப்போகின்றன.

தாராளமாகக் கொடுப்பதே தர்மம் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளலாகாது. 1990-களின் பிற்பகுதி முதல் கம்பெனிகளின் தூண்டுதலால் அளவின்றி எழுதப்பட்ட ஓபியம் வகை மாத்திரைகள் அமெரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்களுக்கு உலை வைத்தன. தொடக்கத்தில் அதிகமாக மடிந்தவர்கள், அதிகமாக மருந்து பெற்ற வெள்ளையரே. ஒருவருக்கு இல்லை என்று மறுத்ததும், மற்றொருவருக்குக் கேட்காமலே அள்ளிக் கொடுத்ததும், எதிரேயுள்ள நோயாளியைக் கூர்ந்து பாராமையின் இரண்டு விளைவுகள்தாம்.

கடையில் சரக்கு இல்லை

வைத்தியர் நல்லவராயிருந்து சரியாக எழுதிக்கொடுத்தாலும் மருந்து கிடைக்க வேண்டுமே! நியூயார்க் நகரத்து மருந்துக் கடைகளை விசாரித்த ஷான் மாரிசன் முதலியோர் 2000-ஆம் ஆண்டில் கண்டது இது: வெள்ளையர் மிகுந்த பேட்டைகளில் 72 சதவீதக் கடைகளில் கடும் நோவுக்கு வேண்டிய ஓபியம் வகை மருந்துகள் போதிய இருப்பில் இருந்தன, வெள்ளையர் அல்லாதார் மிகுந்த பேட்டைகளில் 25 சதவீதக் கடைகளில் மாத்திரமே இருந்தன. புற்றுநோய்க்காரன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கவேண்டியதுதான்.

நகரத்தின் பேட்டைகளிடையே உள்ள இந்த வித்தியாசத்தைத் தேசங்களிடையே வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். லான்செட் பத்திரிகை அமைத்த குழு 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகத்தில் ஆண்டுதோறும் விநியோகமாகும் மார்ஃபின் வகை மருந்து ஏறக்குறைய 298 டன். மிக ஏழை நாடுகளுக்குச் சென்றது அதில் 0.1 டன். சர்க்கார் உத்தரவின்பேரில் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஓபியம் விளைவித்து உலகத்துக்கு விற்கும் நம் இந்தியாவிலேயே, தேவையில் சுமார் 4 சதவீதம்தான் நோயாளிக்குக் கிடைத்தது. போதைப்பொருள் தடைச் சட்டம் 1985-இல் வந்த பிறகு, பல லைசென்ஸுகளின் தொல்லைக்கு அஞ்சி ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்குவதையே கைவிட்டதால், தேசம் முழுவதிலும் அதன் உபயோகம் ஏறத்தாழ 97 சதவீதம் விழுந்து, 1997-இல் 18 கிலோவில் வந்து நின்றது. கோழிக்கோட்டில் 1993-இல் எம். ஆர். ராஜகோபால் முதலிய வைத்தியர்கள் தொடங்கிய நோவு தணிப்பு நிலையமும் அதிலிருந்து கேரளமெங்கும் பரவிய இயக்கமும் இடைவிடாது வாதாடியதன் பயனாக 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, பல லைசென்ஸுகளுக்குப் பதில் ஒரே அனுமதி போதும் என்றாயிற்று.

இத்தனை காலம் நம் நோயாளிகள் மருந்தின்றிக் கிடந்ததற்கு, "நம் ஜனங்கள் பொறுமைசாலிகள்; எல்லாம் விதி என்று ஏற்றுக்கொள்வார்கள்" என்ற விளக்கத்தை நாமும் கேட்டிருக்கிறோம், பிறரும் சொல்லியிருக்கிறார்கள். சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் விசையைக் கையில் கொடுத்தவுடன் மற்ற இரண்டு இனத்தாரையும்விட அதிகமாக அழுத்தினவர்கள் அந்தப் பொறுமைசாலி நாட்டு வமிசத்துப் பெண்களே என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முடிவு

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துச் சொல்வோம். நோவைச் சொல்லும் பாஷை சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது. அதை அறியக் கேட்கும் காது வேண்டும், அட்டவணை உதவாது. மருந்தின் வேகம் மரபணுவுக்கு மரபணு மாறுகிறது. இனத்தின் பெயர் அதற்கு ஒரு மங்கலான குறிப்பு, பரிசோதனை செய்ய வசதியுள்ள இடத்தில் அந்தக் குறிப்போடு நின்றுவிடுவது சோம்பல். இவ்விரண்டையும் சேர்த்தாலும், ஒரே மாதிரி முறிந்த எலும்போடு ஒரே வாசலில் வந்தவர்களுக்கு வெவ்வேறு விதமாக மருந்து கிடைத்ததற்கு விளக்கம் ஆகாது. அதற்குக் காரணம் கொடுப்பவரின் மனமும், கடையின் இருப்பும், சட்டத்தின் பூட்டுமே ஆகும். மனிதர் செய்து வைத்த அவற்றை மனிதரே மாற்றவும் முடியும்.

படுக்கையில் கிடப்பவரிடம் அவருடைய பாஷையிலேயே எங்கே, எப்படி, எவ்வளவு என்று கேளுங்கள், அவர் சொன்ன சொல்லையே சீட்டில் எழுதுங்கள், மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று இன்னொரு முறை கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்தே அடுத்த அளவைத் தீர்மானிக்க வேண்டும். நோயாளியின் பெயரையும் நிறத்தையும் ஊரையும் பொறுத்தல்ல.